ஒரு சாண் ஓரம்

காலையில் தைத்து மூடிய போர்வை ஓரம் மறுபடியும் திறந்திருந்தது.

பிரிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. முடிச்சு நழுவுவதும் தையல் விடுவதும் இந்த வேலையில் தினமும் நடப்பவை. விட்டுப்போன தையல் எப்படி இருக்கும் என்று அவளுக்கு நன்றாகவே தெரியும்: துணியில் பிசிறு நிற்கும், நூலின் வால் வெளியே தொங்கும். இது அப்படி இல்லை. யாரோ நிதானமாக உட்கார்ந்து, துணிக்கு நோகாமல் ஒவ்வொரு தையலாக எடுத்துவிட்ட மாதிரி, சரியாக ஒரு சாண் அளவுக்கு வாய் திறந்து கிடந்தது. அவள் போட்ட நீல நூலில் ஒரு துணுக்குகூட அங்கே இல்லை.

'தூக்கக் கலக்கத்தில் முடிச்சுப் போட மறந்திருப்பேன்' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொன்னது மனசில் ஒட்டவில்லை.

வெளியே மழை நேற்றிலிருந்து விடவில்லை. பிற்பகல்தான், ஆனாலும் விளக்கைப் போட்டால்தான் ஊசிக் கண் தெரிந்தது. அறைக்குள் சுவரோடு சுவராக, கழுத்தளவு உயரத்துக்குப் போர்வைகள் அடுக்கியிருந்தன. மஞ்சளும் கிளிப்பச்சையும் சிவப்புமாக, பழைய சட்டை, திரைச்சீலை, பள்ளிச் சீருடை என்று எத்தனையோ வீட்டுத் துண்டுகள் ஒன்றுசேர்ந்து போர்வையானவை. நாளைக் காலையில் குழந்தைகள் ஆஸ்பத்திரியிலிருந்து வேன் வரும். இவ்வளவையும் ஏற்றிக்கொண்டு போய், அங்கே படுத்திருக்கும் பிள்ளைகளுக்குக் கட்டிலுக்கு ஒன்றாகக் கொடுத்துவிடுவார்கள். தெருவில் பாதிப் பெண்கள் இந்த வேலையில் இருந்தார்கள். துண்டுகளை ஒட்டி மேல்துணி தைப்பது எல்லோருக்கும் பிடிக்கும். வண்ணம் பொருத்துகிற வேலை, ஊர்க்கதை பேசிக்கொண்டே செய்யலாம். அதற்குக் கீழே பஞ்சு விரித்து, அடித்துணி வைத்து, மூன்றையும் சேர்த்துத் தைத்து, சுற்றிலும் பட்டி வைத்து ஓரம் மடிக்கிற வேலைதான் யாருக்கும் ஆகாது. முதுகு போய்விடும். அதனால் அரைகுறையாக நின்றதெல்லாம் கடைசியில் இவள் வீட்டுக்கு வந்து சேரும். இவளுக்கு அவர்கள் வைத்திருந்த பெயரே முடிப்புக்காரி. அது பாராட்டா கேலியா என்று இவள் கேட்டுக்கொண்டதில்லை.

அந்தக் கூட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. ஓரத்தை ஒரேயடியாக மூடிவிடக் கூடாது. கடைசியில் ஒரு சாண் விட்டுவைக்க வேண்டும். போர்வை முழுக்கக் காந்தத்தை ஓட்டிப் பார்த்து, உள்ளே ஊசி எதுவும் தங்கிவிடவில்லை என்று தெரிந்த பிறகுதான் அந்த ஒரு சாணை மூடலாம். நோயில் கிடக்கிற பிள்ளையின் மேல் போகிற துணி, அதற்குள் ஊசி இருக்கலாமா? இன்னொன்று, ஓரம் மடிக்கத் தொடங்கின கைதான் அந்த ஒரு சாணையும் மூட வேண்டும். ஆளுக்கு ஆள் நூலை இழுக்கிற இறுக்கம் மாறும், இரண்டு கை பட்டால் ஓரம் சுருங்கிவிடும் என்பார் டீச்சர். டீச்சர்தான் கூட்டத்துக்குத் தலைவி. பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றும் அதட்டலிலிருந்து ஓய்வு பெறாதவர்.

இந்தப் போர்வையைத் தொடங்கின கை இப்போது இல்லை.

அது பெரியவளுடைய போர்வை. கணவனின் அண்ணி, இவளுக்கு ஓரகத்தி. அக்கா என்றுதான் கூப்பிடுவாள். கணவன் போய், பிள்ளையும் இல்லாமல், இந்த அறையில் உட்கார்ந்து தைத்துத் தைத்தே காலத்தை ஓட்டியவள், போன மாதம் இதே மாதிரி ஒரு மழை நாளில், படுக்கையில் உட்கார்ந்தபடியே அடங்கிப்போனாள். மடியில் கிடந்தது இந்தப் போர்வை. ஓரம் முழுக்க மடித்தாயிற்று, ஒரு சாண்தான் பாக்கி. அந்த இடத்தில் ஊசி குத்தி நின்றது. அந்த ஊசியை உருவித் தன் ஊசி மெத்தையில் குத்திக்கொண்டவள் முடிப்புக்காரிதான். இன்று காலையில் காந்தத்தை ஓட்டிப் பார்த்து, அதே ஊசியில் நீல நூல் கோத்து மூடியவளும் அவள்தான். நாளைக்கு வேன் வரும்போது ஒன்று மட்டும் அரைகுறையாகக் கிடந்தால் நன்றாகவா இருக்கும்? அவ்வளவுதான் அவள் நினைத்தது.

சரி, இன்னொரு தடவை.

தரையில் உட்கார்ந்து போர்வையை மடியில் போட்டுக்கொண்டாள். பெரியவளின் ஊசி நீளமானது, ஒரே கை வருஷக்கணக்கில் தள்ளித் தள்ளி லேசாக வளைந்துபோனது. அந்த வளைவு இவள் விரலுக்குப் பொருந்தாமல் முரண்டுபிடித்தது. பெரியவள் போட்ட தையல்கள் சிவப்பு நூலில், பொடிப்பொடியாக, எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து, ஓரம் முழுக்க ஓடி வந்து இந்த இடத்தில் நின்றிருந்தன. அவற்றுக்குப் பக்கத்தில் தன் நீலத் தையல்களைப் பார்க்க இவளுக்கே கூச்சமாக இருந்தது. முடித்து, இரண்டு முடிச்சுப் போட்டு, பல்லால் நூலைக் கடித்து, ஊசியை மெத்தையில் குத்திய நேரத்தில் உள்ளறையிலிருந்து குரல் வந்தது.

"அம்மா, தண்ணி."

குட்டிக்கு நேற்று ராத்திரியிலிருந்து காய்ச்சல். எட்டு வயதுப் பெண். படுத்தால் கட்டிலில் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் வருவாள். முதுகைத் தாங்கித் தூக்கி வெந்நீர் புகட்டியபோது உடம்பின் சூடு இவள் முழங்கை வரை ஏறியது.

"பெரியம்மா ஏம்மா இன்னும் தைச்சிட்டே இருக்காங்க?"

"பெரியம்மாதான் போயிட்டாங்களே, கண்ணு."

"டிக் டிக்னு கேட்டுச்சே."

"அது நான் தைச்சதுடா."

"நீ தைச்சா டிக் வராதே" என்றாள் குட்டி, கண்ணைத் திறக்காமலேயே.

உண்மைதான். இவள் விரல் காய்த்துப்போன விரல், வெறுங்கையால்தான் ஊசியைத் தள்ளுவாள். பெரியவள் நடுவிரலில் பித்தளை உறை மாட்டிக்கொண்டு தைப்பாள். ஊசியின் தலை அதில் படும்போது டிக் என்று ஒரு சத்தம், பிறகு நூல் துணிக்குள் சர்ரென்று ஓடும் சத்தம். டிக், சர். டிக், சர். வீட்டுக் கடிகாரத்தைவிட அந்தச் சத்தம்தான் இந்த வீட்டுக்குப் பழக்கம். கடைசி நாளில் விரல் வீங்கிப்போய், அந்த உறையைக் கழற்ற முடியவில்லை. இருந்துவிட்டுப் போகட்டும் என்று விரலோடேயே அனுப்பிவிட்டார்கள்.

குட்டியின் நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தபோது, நினைக்க வேண்டாம் என்று தள்ளிவைத்ததெல்லாம் வரிசையாக வந்து நின்றது. பெரியவள் எந்தப் போர்வைக்கும் அளவுநாடா வைத்ததில்லை. குட்டிதான் அளவு. துணியைத் தரையில் விரித்து, நடுவில் குட்டியை மல்லாக்கப் படுக்கவைத்து, இரண்டு கையையும் உடம்போடு ஒட்டி வைக்கச் சொல்லி, கழுத்திலிருந்து பாதம் வரை சுற்றிச் சுற்றிக் குண்டூசி குத்துவாள். "நகராதே, தங்கம். கொஞ்சம்தான் இருக்கு, முடிச்சிடறேன்." குட்டிக்கு அது விளையாட்டு. மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு, சிரிப்பை வாயில் வைத்துக்கொண்டு கிடப்பாள். பார்த்துக்கொண்டு நிற்கிற இவளுக்கு மட்டும் என்னவோ பிடிக்காது. பிடிக்காததற்கு என்ன காரணம் சொல்வது என்றும் தெரியாது. "பேசாம இவளை எனக்குக் குடுத்துடேன், நீ வேற பெத்துக்கோ" என்று பெரியவள் எல்லோர் முன்னாலும் கேலியாகக் கேட்பாள், எல்லோரும் சிரிப்பார்கள், இவளும் சிரிப்பாள். படுக்கையில் விழுந்த பிறகு அந்தக் கேலி போய்விட்டது. ஒருநாள் குட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. "இவ இங்கேயே இருக்கட்டும்" என்றாள். "அவளுக்கு ஸ்கூல் இருக்குக்கா" என்று சிரித்த முகமாகவே சொல்லி, அந்தக் கையிலிருந்து விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் இவள் பிள்ளையை வெளியே கூட்டிக்கொண்டு வந்தாள். பெரியவள் பிரிந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

குட்டி தூங்கியதும் எழுந்து அந்த அறைக்கு வந்தாள்.

ஓரம் திறந்திருந்தது.

நீல நூல் முழுசாக, ஒரு இடத்திலும் அறாமல், ஒரு தீக்குச்சியில் எட்டு வடிவத்தில் சுற்றப்பட்டுப் போர்வையின் மேல் கிடந்தது. மிச்ச நூலை அப்படிச் சுற்றி வைப்பவள் ஒரே ஒருத்திதான். 'நல்ல நூலை யாராவது எறிவாங்களா?' என்று இவளைத்தான் திட்டுவாள்.

குட்டி எழுந்து வந்திருப்பாளோ? எப்படி வருவாள், இவ்வளவு நேரமும் இவள் பக்கத்தில்தானே கிடந்தாள்? வீட்டில் வேறு யாரும் இல்லை. கணவன் போர்வைகளைப் போட்டுக் கட்டப் பெரிய பிளாஸ்டிக் பைகள் வாங்கக் கடைக்குப் போயிருந்தான். வாசல் கதவு உள்பக்கம் தாழிட்டபடியே இருந்தது. ஜன்னலும் சாத்தித்தான் கிடந்தது. அறையில் ஈரத்துணி வாடையோடு இன்னொரு வாடையும் இருந்தது. தைல வாடை. மூட்டு வலிக்குப் பெரியவள் தடவுகிற தைலம்; பாட்டிலை அன்றைக்கே குப்பையில் போட்டாயிற்று.

அப்போதுதான் ஊசி மெத்தையைப் பார்த்தாள். வளைந்த ஊசி அதில் இல்லை.

பயம் ஒரு பக்கம் இருக்க, பழக்கம் முன்னால் வந்துவிட்டது. ஊசி காணோம் என்றால் ஊசியைத் தேட வேண்டும், மற்றதெல்லாம் அப்புறம். பாயைத் தட்டினாள், தரையைத் துடைப்பத்தால் கூட்டினாள், தன் உடையை உதறினாள். கிடைக்கவில்லை. இத்தனை போர்வைகளில் எதற்குள் போயிருக்கும்? எந்தப் பிள்ளையின் முதுகில் குத்தும்? டீச்சருக்குப் போன் போட்டாள்.

"டீச்சர், ஒரு ஊசி காணோம்."

"என்னம்மா சொல்றே? நாளைக்கு வேன் வருது. எதுக்குள்ளே போச்சு?"

"தெரியலை. அக்காவோட ஊசி அது. அக்கா போர்வையை மூடிட்டு மெத்தையிலதான் குத்தினேன்."

அங்கேயும் மழைச் சத்தம் கேட்டது.

"அவ போர்வையை யாரு உன்னை எடுக்கச் சொன்னது?"

"அரைகுறையா கிடந்துச்சே டீச்சர்."

"அது குடுக்கறதுக்குன்னு தைச்சதே இல்லைம்மா. இது எந்தக் கட்டிலுக்குப் போகுதுன்னு நான் கேட்டேன். இது வீட்டுக்குன்னு சொன்னா. அப்ப ஏன் இந்த ஒரு சாணை விட்டு வச்சிருக்கே, ஊசியெல்லாம் பார்த்தாச்சே, மூடிட வேண்டியதுதானேன்னு கேட்டேன். சிரிச்சா. உள்ளே வைக்க வேண்டியது இன்னும் வரலை டீச்சர்னு சொன்னா."

"உள்ளே என்ன வைக்கணும்?"

"பஞ்சைத்தான் சொல்றானு நினைச்சேன். வேற என்ன இருக்கப் போகுது?" டீச்சரின் குரல் தழைந்து, மறுபடி பழைய அதட்டலுக்கு வந்தது. "முதல்ல ஊசியைத் தேடு. அது கிடைக்கிற வரைக்கும் ஒரு போர்வைகூட உன் வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது. தெரிஞ்சுதா?"

காந்தத்தை எடுத்தாள். பழைய ரேடியோவின் ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய, உள்ளங்கையளவு கனத்த வட்டம். ஒவ்வொரு போர்வையாக இறக்கி, விரித்து, மூலையிலிருந்து மூலைக்கு ஓட்டினாள். மஞ்சள் போர்வையில் ஒன்றும் இல்லை. மீன் படம் போட்டதில் இல்லை. சீருடைத் துணியில் தைத்ததில் இல்லை. முதுகு விண்விண்ணென்று வலித்தது, உட்கார்ந்தாள், எழுந்தாள், நடுநடுவே ஓடிப்போய்க் குட்டியின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தாள், எந்த இடத்திலும் நிற்க முடியவில்லை. வெளிச்சம் மங்கிக்கொண்டே வந்தது. பெரியவளின் போர்வையை வேண்டுமென்றேதான் கடைசிக்கு வைத்திருந்தாள். அதை இனிமேல் தள்ளிப்போட வழியில்லை.

காந்தத்தை அதன் மேல் வைத்தாள். நகர்த்தினாள். நடுவுக்கு வரும்போது கை இழுபட்டது.

அப்பாடா என்றிருந்தது. இங்கேதான் இருக்கிறது. துணிக்கு மேலாக விரலால் தடவினாள். நீளமாக, லேசாக வளைந்து, உள்ளே தட்டுப்பட்டது. பிடிக்கப் போனாள். அது நகர்ந்தது.

அவள் கை பட்டு நகரவில்லை. அதுவாக நகர்ந்தது. காந்தத்தை அங்கே கொண்டுபோனாள். ஊசி தள்ளிப் போனது. இந்தப் பக்கம் கொண்டுவந்தாள். இந்தப் பக்கமிருந்தும் விலகியது. காந்தத்துக்குப் பயந்து ஓடும் ஊசியை அவள் கேள்விப்பட்டதேயில்லை. யாரோ அதை உள்ளேயிருந்து பிடித்துக்கொண்டு, இவளோடு விளையாடுகிறார்கள் என்றுதான் தோன்றியது.

எப்படித்தான் துணிந்தாளோ, திறந்திருந்த ஒரு சாண் வழியாகக் கையை உள்ளே விட்டாள்.

பஞ்சு இருக்க வேண்டிய நடுப்பகுதியில் பஞ்சு இல்லை. மேலே வரிவரியாகத் தெரிந்த தையல்களில் ஒன்றுகூட அடித்துணி வரை இறங்கவில்லை. பஞ்சு இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டிருக்க, இடையில் வெற்றிடம். முழங்கை வரை போனது கை, இன்னும் போனது. கழுத்துக்கு ஒரு குறுகல், தோளுக்கு ஒரு அகலம், பாதத்துக்கு ஒரு முனை. உள்ளே ஒரு கையும் வெளியே ஒரு கையுமாகத் தடவத் தடவப் புரிந்தது. இது போர்வையே இல்லை, பை. அளவும் யாருடையது என்று தெரிந்தது. அந்த உடம்பைப் பெற்றவளுக்குத் தெரியாதா?

உள்ளே வெதுவெதுப்பாக இருந்தது. இப்போதுதான் யாரோ படுத்து எழுந்த இடத்தின் சூடு.

விரல் நுனியில் சுருக்கென்றது. கையை வெடுக்கென்று உருவினாள். ஆள்காட்டி விரலின் சதையில், தோலுக்குள் நுழைந்து தோலுக்கு வெளியே வந்து, ஒரு தையல் போட்டிருந்தது. பொடியான தையல். சிவப்பு நூல். ஒரு பக்கமாகச் சாய்ந்து.

பல்லால் கடித்து நூலைப் பிடுங்கி எறிந்தாள். கிடைத்த விரிப்பை எடுத்து, போர்வையை அதற்குள் போட்டுச் சுருட்டி, மூட்டையாக இறுக்கி முடிச்சுப் போட்டு, பின்பக்கம் தூக்கிக்கொண்டு ஓடிக் குளியலறைக்குள் வீசி, வெளியே தாழ் போட்டாள். தூக்கிக்கொண்டு போகும்போது அது கனத்தது. கைக்குழந்தையைத் தூக்குகிற மாதிரி, கழுத்தைத் தாங்கச் சொல்லிக் கனத்தது.

கணவனுக்குப் போன் போட்டாள்.

"எங்கே இருக்கீங்க? உடனே வாங்க."

"பாலத்துல தண்ணி ஏறிடுச்சு. வண்டியெல்லாம் நிறுத்திட்டாங்க. என்ன ஆச்சு, குட்டிக்குக் காய்ச்சல் ஏறுதா?"

"வாங்க. நடந்தாவது வாங்க. அக்கா..." அதற்கு மேல் என்ன சொல்வது என்று தெரியவில்லை.

"அண்ணியா? என்ன உளர்றே? ஹலோ? சரியா கேக்கலை..."

போன் அடங்கிவிட்டது.

இனிமேல் இங்கே இருக்க முடியாது. குட்டியைத் தூக்கிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போய்விடலாம். மழை கொட்டுகிறது, காய்ச்சல் உடம்பு, நனையக் கூடாது. மழைக்கோட்டு பின்கதவுக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தது. உள்ளறையில் எட்டிப் பார்த்தாள். குட்டி பழைய மெல்லிய விரிப்பைப் போர்த்திக்கொண்டு, சுவர்ப்பக்கம் திரும்பி, சீராக மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். இதோ போய் எடுத்துக்கொண்டு வர எவ்வளவு நேரம் ஆகும்?

பின்பக்கம் இருட்டியிருந்தது. விளக்கைப் போட்டாள். மழைக்கோட்டை எடுக்கக் கை நீட்டியவள் அப்படியே நின்றாள்.

குளியலறைக் கதவுக்கு வெளியே, நடைவழியின் நடுவில், விரிப்பு கிடந்தது. கதவின் தாழ் போட்டது போட்டபடி இருந்தது. விரிப்பில் இவள் இறுக்கிய முடிச்சும் அவிழவில்லை. போர்வை மட்டும் இல்லை. உள்ளே இருந்தது போய்விட்டதால் தட்டையாகச் சரிந்து கிடந்தது.

டிக்.

சத்தம் உள்ளறையிலிருந்து வந்தது.

சர்.

ஓடினாள். பத்தடி நடைவழி நீண்டுகொண்டே போனது. தோள் கதவில் மோதியது.

தைல வாடை முகத்தில் அடித்தது.

கட்டிலில் போர்வை விரிந்திருந்தது. மஞ்சள், பச்சை, சிவப்பு. குட்டி போர்த்தியிருந்த மெல்லிய விரிப்பு கீழே, மடித்து வைக்கப்பட்டிருந்தது. போர்வைக்கு மேலே குட்டியைக் காணோம். கீழேயும் காணோம். போர்வையின் நடுவில் ஒரு மேடு. தோள். இரண்டு பக்கமும் ஒட்டிய கைகள். சேர்த்து வைத்த பாதங்கள்.

மேடு ஏறி இறங்கியது. மூச்சு.

"குட்டி!"

"அம்மா, சத்தம் போடாதே." குரல் பஞ்சுக்குள்ளிருந்து வந்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டு பேசுகிற குரல். "நகரக் கூடாதாம். கொஞ்சம்தான் இருக்காம்."

தலைமாட்டில் ஓரம் திறந்திருந்தது. ஒரு சாண் இல்லை இப்போது. நாலு விரல் அகலம். அதன் விளிம்பில் வளைந்த ஊசி தானாக எழுந்தது, இறங்கியது. டிக். சிவப்பு நூல் ஓடியது. சர்.

நூலைப் பிடித்தாள். பலம் கொண்ட மட்டும் இழுத்தாள். குட்டி அலறினாள். விளையாட்டெல்லாம் போன அலறல்.

"இழுக்காதே! அம்மா, வலிக்குது, இழுக்காதே!"

கை தானாக விட்டுவிட்டது. அந்த நூல் எதெதன் வழியாக ஓடுகிறது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. கத்தரிக்கோலைத் தேடவும் மனம் வரவில்லை. எங்கே வெட்டினால் எது அறும்? நாலு விரல் மூன்று விரலானது.

மூடத்தானே பார்க்கிறாய்? மூடு, பார்க்கலாம்.

கட்டிலருகே மண்டியிட்டு, மிச்சமிருந்த வாய்க்குள் தன் கையைத் திணித்தாள். மணிக்கட்டு வரை போய் இறுகியது. இந்தக் கை இங்கே இருக்கிற வரை ஓரத்தை மூட முடியாது. உள்ளே துழாவினாள். உள்ளேயிருந்து மேலே நீண்டு வந்த சூடான சின்னக் கை ஒன்று கிடைத்தது. காய்ச்சல் கை. பிடித்தாள். அதுவும் பிடித்தது.

"விடாதேம்மா."

"விட மாட்டேன். செத்தாலும் விட மாட்டேன், கண்ணு."

ஊசி நின்றது. எதையோ யோசிக்கிற மாதிரி, அவள் மணிக்கட்டுக்கு மேலே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு இறங்கியது. தோலையும் துணியையும் சேர்த்து ஒரு தையல். டிக். இன்னொன்று. பொடியாக, சாய்வாக, ஒரே அளவாக. ரத்தம் பட்டியில் இறங்கி நூலோடு ஒரே நிறமானது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். தைத்துக்கொள். கையோடு சேர்த்துத் தைத்துக்கொள். இவர் வரும் வரை இப்படியே இருப்பேன். விடிய விடிய இருப்பேன். உள்ளே குட்டியின் விரல்கள் அவள் விரல்களை இறுக்கிப் பிடித்திருந்தன. அது போதும்.

அப்போது, உள்ளே, அவள் புறங்கையை இன்னொரு கை தொட்டது.

சில்லென்றிருந்தது. அதன் நடுவிரலில் பித்தளை உறை. அவசரமே இல்லாமல் அவள் சுண்டுவிரலைக் கண்டுபிடித்து, குட்டியின் கையிலிருந்து மெல்லப் பிரித்தது. பிறகு மோதிர விரலைப் பிரித்தது. பிறகு அடுத்ததைத் தேடியது.